அன்னையும் இடம்பெயர்ந்தார்

"மாதா காப்பாற்றுவா. சுவாமி, பை எதற்கு? பத்திரம் எதற்கு?" என்று கேட்கும் நல்ல உள்ளங்கள் நம் பங்குகளில் உண்டு. ஆபத்துக்கு முன்னேற்பாடு செய்வது விசுவாசக் குறைவு என்பது அவர்கள் எண்ணம். அவர்களுக்கு மடுமாதாவின் வரலாற்றையே விடையாகத் தர விரும்புகின்றோம்.

ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கர் துன்புறுத்தப்பட்டபோது, 1670ஆம் ஆண்டளவில் மாந்தையில் வாழ்ந்த விசுவாசிகள் அன்னையின் திருச்சுரூபத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டுக்குள் புகுந்தனர். மருதமடுத் திருப்பதி அவ்வாறு பிறந்ததே. 2008 ஏப்ரல் மாதத்தில் போர் மடுவை நெருங்கியபோது, குருக்கள் அதே சுரூபத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றனர். அன்னை பின்னர் மடுவுக்கே திரும்பினார். அவரைச் சுமந்து சென்றவர்களை விசுவாசம் இல்லாதவர் என்போமா? சூசையப்பரும் விடியும்வரை காத்திராமல், இரவிலேயே பாலனையும் தாயையும் எகிப்துக்கு அழைத்துச் சென்றாரன்றோ?

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அதன் பின் பிறந்த பிள்ளைகள் இன்று நம் மறைக்கல்வி வகுப்புகளில் அமர்ந்து, "பங்கர் என்றால் என்ன?" என்று கேட்கின்றனர். போர் மீண்டும் வரவேண்டாம் என்பதே நம் செபம். ஆயினும் நாம் பெரும் விலை கொடுத்துக் கற்றவை நம்மோடு மறைந்துவிடலாகாது.

ஓர் இரவு தந்த பாடம்

1995 ஒக்டோபர் 30ஆம் நாள், யாழ்ப்பாணத்தை விட்டு உடனே வெளியேறுமாறு ஒலிபெருக்கிகள் அறிவித்தன. இலட்சக்கணக்கான மக்கள் கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தனர். சில மைல் தூரத்தைக் கடக்க இரவு முழுவதும் சென்றது. அவ்விரவில் கைக்கு அகப்பட்டதையே பலரும் எடுத்தனர். அம்மி போன்ற பாரங்களைச் சுமந்தவரும் உண்டு. காணி உறுதியை அலுமாரியில் விட்டுவந்தவரும் உண்டு. நெரிசலில் பிள்ளையின் கையைத் தவறவிட்ட தாய்மாரின் ஓலத்தை யார் மறப்பார்?

ஆகவே முதல் முன்னேற்பாடு கதவோரத்தில் ஒரு பை. அடையாள அட்டை, பிறப்பு, விவாக அத்தாட்சிப் பத்திரங்கள், காணி உறுதி, பாடசாலைச் சான்றிதழ்கள் ஆகியவற்றைப் பொலித்தீன் உறையில் நனையாதவாறு கட்டி அதனுள் வைக்க வேண்டும். பிரதிகள் வேறு ஊரிலுள்ள உறவினரிடமும் இருத்தல் நன்று. நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து, ஒரு மாற்றுடை, புழுக்கொடியல் அல்லது வறுத்த மா, தண்ணீர்ப் போத்தல், டோர்ச், தீப்பெட்டி, சிறிது பணம் ஆகியவை போதும். ஓடும்போது தூக்க முடியாத பை பயனற்றது.

இரண்டாவது, சந்திக்கும் இடம். பிரிய நேர்ந்தால் எங்கே கூடுவது என்பதை வீட்டார் அனைவரும் முன்னமே அறிந்திருக்க வேண்டும். அவ்விடத்துக்குப் போக முடியாவிடின் வேறோர் இடமும் குறித்திருக்க வேண்டும். சிறு பிள்ளையின் சட்டையில் பெயர், பெற்றோர் பெயர், ஊர் ஆகியவற்றை எழுதித் தைத்துவிடுவது சிறந்தது.

மூன்றாவது, நீர். இடம்பெயர்ந்தோரிடையே வயிற்றோட்டம் எளிதில் பரவும். கொதித்தாறிய நீரையே பருக வேண்டும். விறகு இல்லையேல், தெளிந்த நீரைத் தெளிவான பிளாஸ்டிக் போத்தலில் நிரப்பி, ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் கிடத்தலாம். வயிற்றோட்டம் கண்டவருக்கு, ஒரு லீற்றர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் மட்டமாக அளந்து கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும்.

ஆலயமும் அடைக்கலமும்

ஒன்றை வேதனையோடு சொல்லியாக வேண்டும். 1995 யூலை 9ஆம் நாள் நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது குண்டுகள் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1999 நவம்பர் 20ஆம் நாள் மடுத் திருப்பதியிலும் எறிகணைகள் அடைக்கலம் தேடியோரைப் பலிகொண்டன. ஆலயத்தின் கூரை குண்டைத் தடுக்காது. ஆலய வளவிலும் பதுங்குகுழி வேண்டும். 'ட' வடிவில் வெட்டி, பனங்குற்றி பரப்பி, மேலே மண்மூட்டைகள் அடுக்கிய குழி எத்தனையோ குடும்பங்களைக் காத்தது. குழியை அடைய நேரமில்லையேல் தரையிலே குப்புறக் கிடப்பதே அறிவு.

பகிர்ந்த எண்ணெய்

1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெயோ கிடைத்தற்கரியது. ஜாம் போத்தலில் சிறிதளவு எண்ணெயும் பஞ்சும் இட்டு நம் பிள்ளைகள் படித்தனர். விளக்கோடு எண்ணெயும் கொண்டுசென்ற ஐந்து கன்னியரின் உவமை அந்நாள்களில் நமக்கு நன்கு விளங்கிற்று. ஆனால் நாம் கண்டது மற்றொன்றும் உண்டு: ஒரு விளக்கைச் சுற்றி மூன்று வீட்டுப் பிள்ளைகள் அமர்ந்திருந்தனர்.

ஆதலால் உங்கள் பை ஆயத்தமானதும் அயல்வீட்டை நோக்குங்கள். நடக்க முடியாத முதியவரை யார் தூக்குவது? கணவனை இழந்தவளின் கைக்குழந்தையை யார் சுமப்பது? இவை ஆபத்து வந்தபின் கேட்கும் கேள்விகளல்ல. அன்பியக் கூட்டத்தில் இன்றே பேசி முடிவு செய்யுங்கள்.

இம்மாதம் ஓரிரவு, குடும்பச் செபமாலை முடிந்தபின், வீட்டுப் பத்திரங்களை எல்லோருமாக எடுத்து அடுக்கி உறையிலிடுங்கள். அன்னையைச் சுமந்து காட்டினுள் சென்ற அந்த மாந்தை மக்களின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதுவும் செபமே.