நாடிகளின் பொதுநெறியும் வேறுநெறியும்

உடலமைப்பு நூல்கள் ஒவ்வொரு குருதிக்குழாய்க்கும் ஒரு வழியையே படத்திற் காட்டுகின்றன. அது பெரும்பான்மையோரிடத்துக் காணப்படும் அமைப்பேயன்றி, எல்லாரிடத்தும் உள்ள அமைப்பன்று. இவ்வேற்றுமையை அறிதல் மருத்துவருக்கு இன்றியமையாதது.

இதயத்தினின்று குருதியைக் கொண்டுசெல்வன நாடிகள். இதயத்துக்கு மீட்டுக் கொணர்வன நாளங்கள். பெருநாடியானது வயிற்றறையுட் புகுந்து, முள்ளந்தண்டின் முன்னாக இறங்கி, நான்காம் நாரி முள்ளென்பின் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களை நோக்கிச் செல்கின்றது. இடையில் அது தரும் ஒரு குறுந்தண்டு, இரைப்பை, ஈரல், மண்ணீரல் ஆகியவற்றை நோக்கி மூன்று கிளைகளாகின்றது. சிறுநீரகம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாடி செல்கின்றது. இது பொதுநெறி.

ஆயினும், 200 உடல்களை அறுத்தாராய்ந்த மைக்கெல்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர், ஈரல் நாடியின் அமைப்பை 10 வகைகளாகப் பிரித்து 1966 ஆம் ஆண்டில் வெளியிட்டார். பொதுநெறி காணப்பட்டது நூற்றுக்கு 55 உடல்களிலேயே. ஏனையவற்றுட் பலவற்றில் ஈரலின் ஒரு பகுதிக்குரிய நாடி, இரைப்பை நாடியினின்றோ குடலுக்குச் செல்லும் நாடியினின்றோ தோன்றியது.

சிறுநீரகமும் இத்தகையதே. கருவில் அது இடுப்பறையில் தோன்றி மேலேறுகின்றது. ஏறுந்தோறும் மேலுள்ள புதிய நாடிகளைப் பெற்றுப் பழையவற்றை இழக்கின்றது. பழைய நாடியொன்று மறையாது எஞ்சுமாயின், ஒரு சிறுநீரகத்துக்கு இரண்டு நாடிகள் அமையும். சிறுநீரகத்தினுள் நாடிக்கிளைகள் ஒன்றோடொன்று இணைவதில்லை. ஆதலின், மேலதிக நாடியை அறியாது கட்டிவிடின், அது ஊட்டிவந்த பகுதி மடிந்துபோம். சிறுநீரகத்தைத் தானஞ்செய்ய முன்வருவோரின் நாடிகளை முன்னரே கதிர்ப்படம் எடுத்து ஆராய்வது இது பற்றியேயாம்.

கையிற் புயநாடி பொதுவாக முழங்கைக்குச் சற்றுக் கீழே இரண்டாகப் பிரியும். சிலரிடத்து அது மேற்கையிலேயே பிரிந்துவிடும். அவ்வாறு பிரிந்த கிளை முழங்கையின் முன்புறத்தில், தோலுக்கு அண்மையிற் செல்வதுமுண்டு. நாளமெனக் கருதி அதனுள் மருந்தை ஏற்றின், விரல்கள் அழுகவுங்கூடும். ஆகவே ஊசியேற்றுமுன் விரல் வைத்துத் துடிப்பு உண்டோவெனப் பார்த்தல் வேண்டும்; துடிப்பது நாடி.

காலிலும் இவ்வேறுபாடு உண்டு. பாதத்தின் மேற்புறத்து நாடி நோயற்ற சிலரிடத்தும் துடிப்பதில்லை. வேறொரு நாடி அப்பணியை மேற்கொள்ளும். எனவே அத்துடிப்பின்மை ஒன்றையே கொண்டு குழாய் அடைபட்டதெனத் துணிதல் தகாது.

இவ்வேறுபாடுகள் பெரும்பாலும் நோயல்ல. உடையவர் அறியாமலே நெடுங்காலம் நலமாக வாழ்வர். தீங்கு நேர்வது, எல்லா உடலும் படத்தைப் போன்றதே என்று எண்ணிக் கருவியை எடுக்கும்போதேயாம். பொதுநெறியைக் கற்றவனே வேறுநெறியை இனங்காண வல்லவன். ஆயினும் கற்றதனோடு அமையாது, தன் முன்னுள்ள உடலைத் தனியே ஆராய்ந்து தெளிதல் அவன் கடனாகும்.