சிஆர்பி நார்மல், ஆனா மூட்டு ஏன் வலிக்குது?

இந்த எபிசோடு ஒரு நேயரோட கேள்வியில இருந்து வந்தது. "அம்மாவுக்கு வயசு 58. எக்ஸ்ரே பார்த்துட்டு இடுப்பு மூட்டுத் தேய்மானம்னு சொல்றாங்க. ஆனா ரத்தத்துல சிஆர்பி, ஈஎஸ்ஆர் ரெண்டுமே நார்மல். எது தப்பு?"

எதுவும் தப்பில்லை. முதல்ல ஒரு விஷயம். வீட்டுல நாம 'இடுப்பு வலி'ன்னு சொல்றது பெரும்பாலும் கீழ்முதுகு வலியைத்தான். இங்க பேசுறது, தொடை எலும்போட உருண்டைத் தலை இடுப்பெலும்புக் குழியில உட்காருற மூட்டைப் பத்தி. அது தேஞ்சா வலி அதிகமா கவட்டைப் பக்கம் தெரியும். சிலருக்கு முழங்கால் மட்டும் வலிக்கும்; பாவம், முழங்காலுக்கே வைத்தியம் பார்த்துட்டு இருப்பாங்க.

சிஆர்பி ஒரு புரதம். 1930-ல நியூயார்க் ராக்ஃபெல்லர் இன்ஸ்டிட்யூட்ல, நிமோனியா நோயாளிகளோட ரத்தத்துல கண்டுபிடிச்சாங்க. இது மூட்டுல உருவாகுறதில்லை, கல்லீரல்ல உருவாகுது. உடம்புல எங்கேயோ அழற்சி இருந்தா, இன்டர்லூகின்-6ங்கிற சிக்னல் கல்லீரலுக்குப் போகும். அது சிஆர்பியைக் கொட்டும். ஈஎஸ்ஆர் கொஞ்சம் மறைமுகமான சோதனை. ஒரு குழாய்ல சிவப்பணுக்கள் 1 மணி நேரத்துல எத்தனை மில்லிமீட்டர் இறங்குதுன்னு பார்ப்பாங்க. அழற்சி இருந்தா அணுக்கள் காசு அடுக்கின மாதிரி ஒட்டிக்கிட்டு வேகமா இறங்கும். ரத்தசோகை, கர்ப்பம், வயசு இதெல்லாமும் அந்த எண்ணை ஏத்தும். எந்த இடத்துல பிரச்சனைன்னு ரெண்டுமே சொல்லாது.

தேய்மானத்துலயும் அழற்சி இருக்கு. மூட்டைச் சுத்தியிருக்குற சவ்வு லேசா வீங்கும். ஆனா அது அந்த மூட்டோட நிக்குற சின்ன அழற்சி. கல்லீரல் வரைக்கும் பெரிசா போய்ச் சேராது. அப்படியே சிஆர்பி கொஞ்சம் கூடியிருந்தாலும், கொழுப்புத் திசுவும் இன்டர்லூகின்-6 சுரக்குதே! ஏத்தினது மூட்டா, தொப்பையான்னு ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சுவாரசியம் என்னன்னா, 1991-ல அமெரிக்க ருமட்டாலஜி அமைப்பு ஆய்வுகளுக்காக வெளியிட்ட வரையறை. இடுப்பு மூட்டு வலியோட மூணுல ரெண்டு இருந்தா தேய்மானம்: எக்ஸ்ரேல எலும்பு முளைப்பு, மூட்டு இடைவெளி குறையுறது, அப்புறம் ஈஎஸ்ஆர் 20-க்குக் கீழ. ஆமா, கீழ! நார்மலா இருக்குறதே இங்க ஒரு சாட்சி.

அப்போ எதுக்கு ரத்தம் எடுக்குறாங்க? வேற நோய் இல்லைன்னு பார்க்க. உங்களுக்கு 25 வயசு, காலையில விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல நீடிக்குது, நடந்தா சரியாகுதுன்னா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது தேய்மானத்தை இல்லை, அழற்சி வாதத்தை. காய்ச்சலோட கால் ஊனவே முடியலைன்னா மூட்டுல கிருமித் தொற்று இருக்கலாம். அன்னிக்கே ஆஸ்பத்திரி போங்க. இன்னொண்ணு: ஸ்டீராய்டு எடுத்தவங்களுக்கும் அதிகமா குடிக்கிறவங்களுக்கும் தொடை எலும்புத் தலைக்கு ரத்த ஓட்டம் நின்னு அது செத்துப்போகலாம். அதுல சிஆர்பி நார்மலா இருக்கலாம், ஆரம்பத்துல எக்ஸ்ரேயும் நார்மலா இருக்கும். எம்ஆர்ஐல தெரியும்.

அழற்சியை மருந்தால அடக்கினா? கேனகினுமாப்னு ஒரு ஊசி. மாரடைப்பு வந்து, சிஆர்பி 2-க்குக் குறையாம இருந்த 10,061 பேர்கிட்ட இதய நோய்க்காகச் சோதிச்சாங்க. அந்தத் தரவை வெச்சு 2020-ல வந்த கூடுதல் அலசல்ல, ஊசி போட்டவங்களுக்கு இடுப்பு, முழங்கால் மாற்று அறுவை சுமார் 40 சதவீதம் குறைவு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தச் சோதனை மூட்டுக்காக வடிவமைச்சது இல்லை, உயிருக்கே ஆபத்தான தொற்றுகளும் அதுல கூடுச்சு. தேய்மானத்துக்கு யாரும் இதை எழுதித் தர மாட்டாங்க.

அதனால, அந்த நேயருக்கு: மாசாமாசம் சிஆர்பி எடுக்க வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்க, தொடை, இடுப்புத் தசைகளுக்குப் பயிற்சி கேளுங்க. கைத்தடி வாங்கினா, வலிக்குற பக்கத்துக்கு எதிர்க் கையில பிடிக்கச் சொல்லுங்க. வலது மூட்டு வலின்னா இடது கை.