'ஏகமனதாக': ஒரு பெயரடையின் பொருளும் அதன் சமூகப் பயனும்

எமது சங்கங்களின் கூட்டறிக்கைகளைப் புரட்டிப் பார்க்கும் எவரும் ஒரு வாய்பாட்டை மீண்டும் மீண்டும் காண்பர். ஒருவர் பிரேரித்தார், மற்றொருவர் ஆமோதித்தார், பிரேரணை ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது. ஆங்கிலத்தில் 'யுனானிமஸ்' என வழங்கும் பெயரடையின் தமிழ் வடிவம் இது. இச்சொல்லை எழுதும் செயலாளர் பெரும்பாலும் எதனையும் எண்ணிப் பார்த்து எழுதுவதில்லை. எதிர்ப்பு எழவில்லை, ஆகவே எல்லோரும் உடன்பட்டனர் என்பது அவரது அனுமானம். இவ்வனுமானம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு சொல்லின் இலக்கணத்தில் தொடங்கும் விசாரணை அச்சொல் யாருக்குப் பயன்படுகின்றது என்ற வினாவில் முடிவது தவிர்க்க இயலாதது.

1. சொல்லும் அதன் ஆட்சியும்

'யுனானிமஸ்' இலத்தீன் வழிவந்த சொல். 'ஊனுஸ்' என்பது ஒன்று. 'அனிமுஸ்' என்பது மனம். ஆங்கிலத்தில் இது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்குப் பெற்றது. 'ஏக', 'மனஸ்' என்னும் வடமொழிக் கூறுகளால் அமைந்த 'ஏகமனது' என்பதும், அதன் தமிழாக்கமான 'ஒருமனது' என்பதும் அதே கட்டமைப்பினைக் கொண்டவை. எனவே மொழிபெயர்ப்பு என்ற அளவில் குறை கூறுவதற்கில்லை. எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது. அதே 'அனிமுஸ்' ஆங்கிலத்தில் தனித்து வழங்கும்போது இன்று பெரும்பாலும் பகையுணர்வையே குறிக்கின்றது. ஒரே வேர் ஒற்றுமைக்கும் பகைமைக்கும் சொல் தந்துள்ளது.

ஆங்கில ஆட்சியில் மூன்று விதிகள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, இப்பெயரடை குழுவினையும் தழுவும், குழுவின் முடிவினையும் தழுவும். உறுப்பினர் ஏகமனதினராயிருந்தனர் என்றும் கூறலாம். தீர்ப்பு ஏகமனதானது என்றும் கூறலாம். இரண்டாவது, இதற்குப் படிநிலை கிடையாது. ஒரு முடிவு மற்றொன்றிலும் அதிக ஏகமனதானது என்பது பொருளற்ற கூற்று. 'முழு ஏகமனதாக' என்பது கூறியது கூறல். ஆனால் 'ஏறத்தாழ ஏகமனதாக' என்பது பிழையன்று. எல்லையை அணுகுவதை அது குறிக்கின்றதேயன்றி, எல்லையைத் தாண்டுவதையன்று. மூன்றாவது, எழுத்து உயிரெனினும் ஒலி யகரத்தில் தொடங்குவதால் இதன் முன் 'அன்' என்னும் சுட்டு வாராது; 'அ' என்பதே வரும். எம்மவர் ஆங்கிலத்தில் அடிக்கடி நேரும் வழு இது.

தமிழிலோ நிலைமை சிறிது வேறு. 'ஏகோபித்த' என்பது பெயரடையாக வழங்கினும், 'ஏகமனதாக' என்னும் வினையடையே பெருவழக்கு. அதுவும் 'நிறைவேற்றப்பட்டது', 'தெரிவு செய்யப்பட்டார்' போன்ற செயப்பாட்டு வினைகளுடனேயே பெரிதும் வருகின்றது. இதன் விளைவு யாது? எழுவாய் மறைந்துவிடுகின்றது. எவர் உடன்பட்டனர், எத்தனை பேர் உடன்பட்டனர் என்ற வினாக்களுக்கு வாக்கியத்தில் இடமே இல்லாது போகின்றது.

2. மூவகை உடன்பாடு

நடைமுறையில் ஒன்றோடொன்று மயங்கும் மூன்று நிலைமைகளை வேறுபடுத்தல் வேண்டும். எல்லோரும் ஆதரித்து வாக்களிப்பது ஒன்று. எதிர்த்து எவரும் வாக்களியாதிருப்பது மற்றொன்று. இலத்தீன் தொடர் ஒன்றின் சுருக்கமாக ஆங்கிலேயர் 'நெம் கொன்' எனக் குறிப்பது இதனையே. வாக்கெடுப்பே இன்றிப் பொது இணக்கத்தின் பேரில் ஏற்றுக்கொள்வது மூன்றாவது.

அனைத்துலக மனித உரிமைப் பிரகடனம் 1948 டிசம்பர் 10ஆம் திகதி பாரிசில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் நிறைவேறியது. ஆதரவாக 48 வாக்குகள், எதிராக எதுவுமில்லை, எட்டு நாடுகள் வாக்களியாது விலகி நின்றன. சோவியத் ஒன்றியமும் அதன் அணி நாடுகளும் ஒரு காரணத்துக்காகவும், நிறவெறிக் கொள்கையைத் தொடங்கியிருந்த தென்னாபிரிக்கா வேறொரு காரணத்துக்காகவும், சவூதி அரேபியா பிறிதொரு காரணத்துக்காகவும் விலகின. இதனை எதிர்ப்பின்றி நிறைவேறியது என்பது சரி. ஏகமனதாக நிறைவேறியது என்றால் அவ்வெட்டு நாடுகளின் நிலைப்பாடும், அவற்றிடையேயிருந்த பாரிய வேறுபாடுகளும் ஒரே சொல்லில் அழிந்துவிடுகின்றன.

எல்லோரும் ஆதரித்து வாக்களித்த இடத்திலும் மனம் ஒன்றெனக் கொள்ளமுடியாது. 1967 நவம்பர் 22ஆம் திகதி பாதுகாப்புச் சபை தனது 242ஆம் இலக்கத் தீர்மானத்தை 15 உறுப்பினர்களின் ஆதரவுடன் நிறைவேற்றியது. இசுரேல் விலகவேண்டிய பிரதேசங்கள் 'சில' என்பதா, 'அனைத்தும்' என்பதா என்ற சர்ச்சை அன்று முதல் இன்றுவரை ஓயவில்லை. ஆங்கில வாசகத்தில் ஒரு சுட்டு இடம்பெறாமையே சர்ச்சையின் மையம். அத்தகைய சுட்டு இல்லாத தமிழில் அவ்வேறுபாட்டை ஒரு சொல்லாற் காட்டவும் இயலாது. அங்கு ஏகமனதாக ஏற்கப்பட்டது ஒரு வாசகமே; ஒரு பொருளன்று.

3. எவரை எண்ணுகிறோம்?

ஏகமனது என்பது ஒரு பின்னம் போன்றது. மேலெண்ணும் கீழெண்ணும் சமமாகும்போதே அது முழுமை பெறும். மேலெண்ணைக் கூட்டியும் அந்நிலையை அடையலாம். கீழெண்ணைக் குறைத்தும் அடையலாம்.

அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் பிரதி 13 ஐக்கிய அரசுகளின் ஏகமனதான பிரகடனம் எனத் தலைப்புப் பெற்றுள்ளது. 1776 யூலை 2ஆம் திகதி சுதந்திரம் பற்றிய வாக்கெடுப்பு நிகழ்ந்தபோது 12 குடியேற்றங்களே ஆதரித்தன. நியூயோர்க் வாக்களியாது விலகி நின்றது. யூலை 9ஆம் திகதி நியூயோர்க் உடன்பட்ட பின்னர், 19ஆம் திகதியே 'ஏகமனதான' என்னும் சொல்லைச் சேர்க்கப் பணிக்கப்பட்டது. இந்த அளவில் செயலாளர்கள் பலரிலும் அவர்கள் நேர்மையாளரே. ஆனால் எண்ணப்பட்டவை குடியேற்றங்கள், மனிதர் அல்லர். பென்சில்வேனியப் பிரதிநிதிகளுள் இருவர் ஒதுங்கி நின்றமையாலேயே மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அக்குடியேற்றத்தின் ஆதரவு கிட்டியது. இனி, அடிமைகளும் பெண்களும் பழங்குடியினரும் அக்கீழெண்ணில் இடம்பெறவேயில்லை. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்ற கொள்கை, அடிமையுடைமையாளர் பலரின் ஒத்த மனத்துடனேயே பிரகடனமாயிற்று.

இதனினும் தெளிவான சான்று சர்வதேச சங்கத்தின் வரலாற்றில் உண்டு. மஞ்சூரியா மீதான யப்பானிய ஆக்கிரமிப்புத் தொடர்பான அறிக்கை 1933 பெப்ரவரி 24ஆம் திகதி வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. 42 நாடுகள் ஆதரித்தன, யப்பான் எதிர்த்தது, சீயம் விலகி நின்றது. ஆயினும் அறிக்கை ஏகமனதாக ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்பட்டது. பிணக்கில் ஈடுபட்ட தரப்பின் வாக்கினைக் கணக்கிற் கொள்ளாமைக்குச் சங்கத்தின் சாசனம் வழிவகுத்திருந்தது. ஆக்கிரமிப்பாளனுக்குத் தன் வழக்கைத் தானே தீர்க்கும் உரிமை வழங்காமை நியாயமே. எனினும் 'இல்லை' என்ற உரத்த குரலொன்று ஒலித்த சபையிலும் ஏகமனது சாத்தியம் என்பதை இது காட்டுகின்றது. சொல்லின் பொருளை அகராதியன்று, விதியை வகுப்போரே தீர்மானிக்கின்றனர்.

4. நிபந்தனையும் அறிவிப்பும்

இவ்விடத்து ஒரு மறுப்பு எழலாம். ஏகமனது சிறுபான்மையோரின் பாதுகாப்பன்றோ? ஒருவரேனும் மறுப்பின் முடிவில்லை என்னும் விதி பலவீனனுக்குப் பலம் தருமன்றோ? மறுப்பு வலிமையானது. ஆயினும் ஏகமனதினை முடிவுக்கு முந்திய நிபந்தனையாக விதிப்பது வேறு. முடிவுக்குப் பிந்திய அறிவிப்பாக வெளியிடுவது வேறு. முன்னையது மறுப்போனுக்கு அதிகாரம் அளிக்கின்றது. பின்னையது அவன் இருந்தமையையே அழிக்கின்றது.

அமெரிக்காவின் லூசியானா மாநிலம் 1898இல் தனது அரசியலமைப்பைத் திருத்தி, 12 யூரர்களுள் ஒன்பதின்மர் உடன்பட்டாலே பாரிய குற்றங்கள் பலவற்றில் தீர்ப்பு வழங்கலாம் என விதித்தது. யூரர் குழுவில் இடம்பெறக்கூடிய ஓரிரு கறுப்பின மக்களின் குரலைப் பயனற்றதாக்குவதே அதன் உள்நோக்கம். பிற்காலத்தில் ஒன்பது பத்தாயிற்று. 2020இலேயே அமெரிக்க உயர் நீதிமன்றம் பாரிய குற்ற வழக்குகளில் ஏகமனதான தீர்ப்பு இன்றியமையாதது என எல்லா மாநிலங்களுக்கும் விதித்தது. ஒப்புநோக்குக: இங்கிலாந்து 1967இல் 12க்குப் பத்து என்ற பெரும்பான்மைத் தீர்ப்பினை ஏற்றது, இலங்கைச் சட்டமோ ஏழு யூரர்களுள் குறைந்தது ஐவர் இணங்கினாற் போதும் என்கின்றது. லூசியானாவில் ஏகமனது என்னும் நிபந்தனை ஒடுக்கப்பட்டோரின் கவசமாய் இருந்திருக்கும். ஆகவேதான் ஆளும் இனத்தவர் அதனை அகற்றினர்.

ஆனால் அதே நிபந்தனை போலந்தில் வேறு பணி புரிந்தது. அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் மறுத்தாலும் கூட்டத்தொடரே கலையும் என்னும் வழக்கம் 1652இல் நடைமுறைக்கு வந்தது. அங்கு உறுப்பினராயிருந்தோர் நிலவுடைமைப் பிரபுக்கள். பெருநிலக்கிழாரும் அயல்நாட்டு அரசுகளும் ஒருவரை விலைக்கு வாங்கினாலே போதும், எச்சீர்திருத்தத்தையும் தடுத்துவிடலாம். 1791 மே 3ஆம் திகதிய அரசியலமைப்பு இவ்வழக்கத்தை ஒழித்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1795இல் போலந்து அயலவரால் முற்றாகப் பங்கிடப்பட்டது. ஆகவே ஏகமனது இயல்பாகவே முற்போக்கானதுமன்று, பிற்போக்கானதுமன்று. அதனை எந்த வர்க்கம், எந்த நிலைமையில், எதற்காகக் கைக்கொள்கின்றது என்பதே வினா.

5. 1914 ஓகஸ்ட் 4

இடதுசாரிகள் இவ்வினாவை மற்றையோரை நோக்கி மட்டும் எழுப்பின் அது நேர்மையாகாது. யேர்மன் சமூக சனநாயகக் கட்சி அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய தொழிலாளர் கட்சி. 1914 ஓகஸ்ட் 3ஆம் திகதி அதன் பாராளுமன்றக் குழு யுத்தக் கடனை ஆதரிப்பதா என விவாதித்தது. 78 பேர் ஆதரித்தனர். 14 பேர் எதிர்த்தனர். மறுநாள் பாராளுமன்றத்தில் கட்சி ஒரே குழுவாக ஆதரித்து வாக்களித்தது. எதிர்த்தோருள் ஒருவரான ஹூகோ ஹாசே, குழுவின் தலைவர்களுள் ஒருவர் என்ற முறையில் ஆதரவு அறிக்கையைத் தாமே வாசிக்க நேர்ந்தது. கார்ல் லீப்னெக்ட்டும் கட்டுப்பாட்டுக்கு அடங்கினார்.

அன்று உலகத் தொழிலாளர் கண்டது, யுத்தத்தின் பின்னே ஒரே மனத்துடன் அணிவகுத்த ஒரு கட்சியை. 14 பேரின் மறுப்பு அறைக்கதவுக்கு வெளியே வரவில்லை. டிசம்பர் 2ஆம் திகதி இரண்டாம் கடனுக்கான வாக்கெடுப்பில் லீப்னெக்ட் தனியொருவராக எதிர்த்து வாக்களித்தார். அடுத்த மார்ச்சில் ஒட்டோ றூலே அவருடன் இணைந்தார். 1915 டிசம்பரில் 20 பேர் எதிர்த்தனர். கட்சி 1917இல் பிளவுபட்டது. ஒற்றுமையைக் காக்கவென மறைக்கப்பட்ட வேறுபாடு ஒற்றுமையையே உடைத்தது. மறுப்பு ஓகஸ்டிலேயே பகிரங்கமாகப் பதிவாகியிருப்பின் யுத்தம் நின்றிருக்கும் என நாம் வாதிடவில்லை. ஆனால் அகழிகளுக்கு அனுப்பப்பட்ட தொழிலாளிக்குத் தன் ஐயம் தனியொருவனின் ஐயமன்று எனத் தெரிந்திருக்கும்.

செயலில் ஒற்றுமை தொழிலாளர் இயக்கத்துக்கு அவசியம் என்பதில் எமக்கு ஐயமில்லை. சிறுபான்மையோர் பெரும்பான்மை முடிவுக்கமையச் செயற்படுவது கட்டுப்பாடு. அவர்களும் அவ்வாறே எண்ணினர் எனப் பதிவு செய்வது பொய். இவ்விரண்டையும் ஒன்றாக்கியமையின் விலையைப் பின்வந்த சோசலிச அரசுகள் பலவும் செலுத்தின. கரவொலியுடன் ஏகமனதாகத் தீர்மானங்கள் நிறைவேறிய சபைகள், சமுதாயத்தின் உள்ளே முதிர்ந்த முரண்பாடுகளை அறியும் கருவியை இழந்தன.

6. முடிவுரை

ரூசோ 1762இல் வெளியிட்ட 'சமூக ஒப்பந்தம்' என்னும் நூலில், சமுதாயத்தை நிறுவும் முதல் ஒப்பந்தம் ஒன்றுக்கே ஏகமனது இயல்பிலே வேண்டப்படுவது என்றார். குடிகள் அடிமை நிலைக்குத் தாழ்ந்து, அச்சத்தாலும் முகத்துதியாலும் ஆரவாரிக்கும் இடத்திலும் ஏகமனது தோன்றும் எனவும் அவர் கண்டார். அச்சமின்றியும் இணக்கம் உற்பத்தி செய்யப்படும் வகையினைப் பின்னர் கிராம்சி விளக்கினார். ஆளும் வர்க்கத்தின் பார்வை அனைவரதும் பொதுப் புத்தியாக மாறும்போது மறுப்பதற்கான சொல்லே மறுப்போனிடம் இருப்பதில்லை. மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் எம் வழக்கத்துக்கும் இது பொருந்தும். தோட்டத் தொழிலாளியோ, சாதியால் ஒடுக்கப்பட்டவரோ, பெண்ணோ ஒரு கூட்டத்தின் பின்வரிசையில் பேசாதிருப்பின், அம்மௌனத்தின் காரணத்தை ஆராய்வதே ஆய்வாளனின் கடமை. அதனை வாக்காக எண்ணுவதன்று.

நடைமுறையில் வேண்டுவன சிலவே. அனைவரும் ஆதரித்து வாக்களித்தபோது மட்டும் 'ஏகமனதாக' என எழுதுவோம். எதிர்ப்பு மட்டும் இல்லையெனில் 'எதிர்ப்பின்றி' என எழுதுவோம். வாக்கெடுப்பே நிகழவில்லையெனில் அதனையும் எழுதுவோம். வந்திருந்தோர் தொகை, ஆதரித்தோர், எதிர்த்தோர், விலகி நின்றோர் ஆகிய நான்கு எண்களும் அறிக்கையில் இடம்பெறட்டும். இதற்கு மேலதிகமாக ஒரு வரியே செலவாகும். 1914இல் அந்த 14 பேருக்கும் மறுக்கப்பட்டது அந்த ஒரு வரியே.