நிழலில் மட்டும் மின்னும் நீல இலைகள்

மழைக்காட்டுப் பாதையில் நடந்து போகிறீர்கள். ஓரத்து நிழலில் ஏதோ ஒன்று நீலமாக மின்னுகிறது. குனிந்து பார்த்தால், பெரணியைப் போன்ற சிறுசிறு இலைகளுடன் படர்ந்திருக்கும் ஒரு செடி. இலைகளில் மயில் கழுத்தின் நிறம்! மலாய் மொழியில் இதை 'பாக்கு மெராக்' என்பார்கள். 'பாக்கு' என்றால் பெரணி, 'மெராக்' என்றால் மயில். இதன் அறிவியல் பெயர் செலஜினெல்லா வில்டெனோவி. உண்மையில் இது பெரணி அல்ல. பெரணிக்குத் தூரத்துச் சொந்தம்.

உங்கள் தண்ணீர்ப் போத்தலிலிருந்து இரண்டு சொட்டை அந்த இலைமேல் விட்டுப் பாருங்கள். நனைந்த இடத்தில் நீலம் மறைந்து, சாதாரணப் பச்சை தெரியும். இலை காய்ந்ததும் நீலம் திரும்பிவிடும். இலைக்குள் நீலச் சாயம் இருந்தால் தண்ணீர் பட்டதும் மறையுமா?

சாயம் இல்லாத நீலம்

இந்தக் கேள்வியை நம் நாட்டிலேயே ஆராய்ந்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் லீ, லாவ்ரி ஆகிய இருவரும் 1975ஆம் ஆண்டு 'நேச்சர்' ஆய்விதழில் தங்கள் விளக்கத்தை வெளியிட்டனர்.

சவர்க்காரக் குமிழியை நினைத்துக்கொள்ளுங்கள். சவர்க்கார நீருக்கு நிறம் இல்லை. ஆனாலும் குமிழியில் வண்ணங்கள் தெரிகின்றன. மிக மெல்லிய அந்தப் படலத்தின் மேற்பரப்பிலிருந்தும் அடிப்பரப்பிலிருந்தும் ஒளி திரும்பி வருகிறது. திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று கூடும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, சில மங்குகின்றன. பாக்கு மெராக் இலையின் மேல்தோலிலும் இப்படிப்பட்ட மெல்லிய அடுக்கு உள்ளது. அது நீல ஒளியை வலுவாகத் திருப்பி அனுப்புகிறது. மேலே தண்ணீர் படிந்தால் ஒளி திரும்பும் விதம் மாறிவிடுவதால் நீலம் தெரிவதில்லை.

தரைக்கு வரும் ஒளி எவ்வளவு?

மழைக்காட்டில் உயர்ந்த மரங்களின் உச்சியில் விழும் சூரிய ஒளியில் ஏறக்குறைய ஒன்று அல்லது இரண்டு விழுக்காடுதான் தரையை எட்டுகிறது. ஒளிச்சேர்க்கைக்கு மிகவும் பயன்படும் சிவப்பையும் நீலத்தையும் மேலே உள்ள இலைகள் பெரும்பாலும் உறிஞ்சிவிடுகின்றன. கீழே இருக்கும் செடிக்குக் கிடைப்பது மிச்சம் மீதிதான்.

அந்த மிச்சத்தை வைத்து எப்படிப் பிழைப்பது? கேமரன் மலைப் பகுதியின் ஈரக் காடுகளில் வளரும் பெகோனியா பாவோனினா ஒரு வழி கண்டிருக்கிறது. 'பாவோ' என்றால் லத்தீன் மொழியில் மயில். இதன் இலைகளும் நீலமாக மின்னும். ஆனால் காரணம் வேறு. இலையின் மேல்தோல் உயிரணுக்களில் 'ஐரிடோபிளாஸ்ட்' எனப்படும் சிறப்பு வகைப் பசுங்கணிகங்கள் உள்ளன. அவற்றுக்குள் இருக்கும் சவ்வுகள் புத்தகத் தாள்களைப்போல் சீரான இடைவெளியில் அடுக்கப்பட்டுள்ளன. பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்த அடுக்குகள் நீல ஒளியைத் திருப்பி அனுப்பிவிட்டு, காட்டுத் தரையில் கிடைக்கும் பச்சை, சிவப்பு ஒளியைக் கூடுதலாக உறிஞ்ச உதவுகின்றன. மங்கிய ஒளியில் ஒளிச்சேர்க்கையின் திறன் 5 முதல் 10 விழுக்காடு வரை உயர்கிறது. நமக்கு அழகாகத் தெரியும் நீலம், அந்தச் செடிக்குத் தேவைப்படாமல் திரும்பி வந்த ஒளி!

பிடுங்கி வந்தால் என்ன ஆகும்?

அழகாக இருக்கிறதே என்று ஒருவர் பாக்கு மெராக்கை வேரோடு பிடுங்கி வந்து, வெயில் விழும் மாடத்தில் வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செடி ஒருவேளை பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் நல்ல வெளிச்சத்தில் துளிர்க்கும் புது இலைகளில் நீலம் இருக்காது. நிழலில் வளர்ந்தால்தான் அந்த மெல்லிய அடுக்கு உருவாகும். எதற்காகச் செடியை எடுத்து வந்தாரோ அதுவே கிடைக்காமல் போகிறது. பெகோனியா பாவோனினாவின் நிலைமை இன்னும் மோசம். மலைக்குளிரில் வாழ்ந்த செடி தாழ்நிலத்து வெப்பத்தில் வாடிவிடும்.

இழப்பு ஒரு செடியோடு நிற்பதில்லை. நம் நாட்டுச் சுண்ணாம்புக்கல் குன்றுகளில் வளரும் பெகோனியாக்களில் பல, ஒரே ஒரு குன்றில் மட்டுமே காணப்படுபவை. அங்கே சேகரிப்பவர்கள் சிலர் புகுந்து அள்ளினாலே போதும், உலகில் அந்த இனமே இல்லாமல் போய்விடலாம். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் அழகு இலைச்செடிகள்மீது மோகம் பெருகி, அரிய வகைகளின் விலை எகிறியது நினைவிருக்கலாம். விலை ஏறினால் காட்டில் தேடுபவர்களும் கூடுவார்கள். இதனால்தான் புதிய செடியைக் கண்டுபிடிக்கும் தாவரவியலாளர்கள் பலர், அது வளரும் சரியான இடத்தைக் கட்டுரையில் எழுதுவதில்லை. நிரந்தர வனக் காப்பகங்களில் உரிமமின்றிச் செடிகளை எடுப்பது 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றமும்கூட.

இலையைக் கேட்டு வளருங்கள்

அப்படியானால் இலைச்செடிகளைச் சேகரிக்கவே கூடாதா? தாராளமாகச் சேகரிக்கலாம். நாற்றுப்பண்ணையில் வளர்த்த செடியை வாங்குங்கள். நண்பர்களிடம் துண்டு வாங்கி நடுங்கள். செடிக்கு என்ன தேவை என்பதை அதன் இலையே சொல்லும். மெல்லிய, அகன்ற இலையா? நேரடி வெயில் வேண்டாம், காற்றில் ஈரம் வேண்டும். இலையில் வெள்ளைத் திட்டுகள் உள்ளனவா? அந்த இடங்களில் பச்சையம் இல்லை. பச்சைப் பகுதிதான் முழுச் செடிக்கும் உணவு தயாரிக்க வேண்டும். ஆகவே, அத்தகைய செடிக்குக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் தேவை. அது மெதுவாகத்தான் வளரும்.

நாற்றுப்பண்ணைகளில் எளிதாகக் கிடைக்கும் ரெக்ஸ் பெகோனியாவில் தொடங்கலாம். இதற்கு ஓர் இலையே போதும்.

1. நன்கு முற்றிய இலை ஒன்றைச் சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் தடித்த நரம்பு ஒன்று இருக்க வேண்டும்.

2. மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் பெட்டியில் ஈரமான தேங்காய் நார்த்தூளைப் பரப்பி, நரம்பின் வெட்டுப்பகுதி அதில் படும்படி துண்டுகளை வையுங்கள்.

3. பெட்டியை மூடி, வெளிச்சம் உள்ள, ஆனால் வெயில் படாத இடத்தில் வையுங்கள். நார்த்தூளில் தண்ணீர் தேங்கினால் துண்டுகள் அழுகிவிடும்.

சில வாரங்களில் வேர் வரும். பிறகு நரம்பின் ஓரத்தில் குட்டிச் செடிகள் முளைக்கும். இதே முறையை மணிப்பிளாண்டில் முயன்றால் ஏமாந்துபோவீர்கள். அதன் இலை மட்டும் வேர்விடலாம், ஆனால் புதுத் துளிர் வராது. தண்டின் கணுவும் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்து, வாரந்தோறும் குறித்து வாருங்கள். நல்லதோர் அறிவியல் செயல்திட்டம் தயார்!

செடிகளைச் சட்டிக்கு மாற்றிய பிறகு ஒன்றை மறக்காதீர்கள். சட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரைத் தவறாமல் கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு அந்தச் சிறிதளவு நீரே போதும்.

ஓர் இலையிலிருந்து ஐந்து செடிகள் கிடைத்தால், நான்கை நண்பர்களுக்குக் கொடுங்கள். அவர்கள் யாரும் காட்டுக்குள் போய்த் தேட வேண்டியிராது. பாக்கு மெராக்கைப் பார்க்க ஆசை வந்தால், ஒரு போத்தல் தண்ணீரோடு காட்டுப் பாதைக்குப் போங்கள். இரண்டு சொட்டு விட்டு, நீலம் மறைந்து திரும்புவதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.