ஸ்விட்ச் மீதான புகார்கள்: எது நியாயம், எது பழி

நிண்டெண்டோ ஸ்விட்ச் 2017 மார்ச் 3ஆம் தேதி விற்பனைக்கு வந்த வீடியோ கேம் கன்சோல். கையில் பிடித்து ஆட 6.2 அங்குலத் திரை உண்டு. அந்தத் திரையை டாக் எனப்படும் தாங்கியில் செருகினால் ஆட்டம் அப்படியே டிவிக்கு மாறிவிடும். இரு ஓரங்களிலும் இருக்கும் ஜாய்-கான் என்ற சின்னக் கண்ட்ரோலர்களைக் கழற்றி ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டால் இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். இதற்கு முன் ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ வெளியிட்ட வீ யூ கன்சோல் 1.36 கோடி விற்பனையோடு நின்றுபோனது. ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டியது.

இத்தனை வீடுகளுக்குள் நுழைந்த கருவி இது; கேட்ட வசவும் கொஞ்சமல்ல. வலுவில்லாத சிப், குழந்தைகளுக்கான கேம்கள், இறங்காத விலை, அரைகுறை ஆன்லைன் சேவை, தானாக நகரும் ஸ்டிக் என்று எட்டு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் புகார்கள் ஐந்து. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்துத் தாக்குவதும் தாங்குவதுமாகவே இந்த விவாதம் நடந்துவந்திருக்கிறது. மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதுதான் சரி. சில குறைகள் கருவியின் வடிவத்தோடு கூடப் பிறந்தவை. அவற்றை நீக்கப் போனால் அந்தக் கருவியே இருக்காது. வேறு சில, நிறுவனம் மனம்வைத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடியவை.

முதல் புகார் வலு பற்றியது. ஸ்விட்ச்சுக்குள் இருப்பது என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 சிப். அது 2015 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஸ்விட்ச் வந்த நாளிலேயே அதற்கு இரண்டு வயது. நினைவகம் 4 ஜிபி, சேமிப்பு 32 ஜிபி. கைத்திரையில் படம் 720பி, டிவியில் அதிகபட்சம் 1080பி. 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4 கூட இதைவிட வேகமானது. எண்களை மட்டும் பார்த்தால் புகார் முழு உண்மை.

ஆனால் அந்த பிளேஸ்டேஷன் 4இன் எடை 2.8 கிலோ, ஆட்டம் ஓடும்போது நூறு வாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்கும். ஸ்விட்ச்சோ ஜாய்-கான்களையும் சேர்த்து 400 கிராமுக்குள் அடங்கியது. டாக்கில் இருக்கும்போதும் 20 வாட்டைத் தொடாது. கையில் இருக்கும்போது 4310 எம்ஏஎச் பேட்டரியை நம்பியே ஓட வேண்டும். முதல் மாடலில் அந்த பேட்டரி ஆட்டத்தைப் பொறுத்து இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் தாங்கியது. சிப் செய்யும் முறை மேம்பட்டதும் 2019இல் வந்த திருத்திய மாடல், கிடைத்த ஆதாயம் முழுவதையும் பேட்டரிக்கே கொடுத்தது. நேரம் நாலரை முதல் ஒன்பது மணி வரை கூடியது. வேகம் பழையபடியே இருந்தது. எதை முதன்மையாக நினைத்து இந்தக் கருவியைச் செய்தார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இது நிண்டெண்டோவின் பழைய வழி. 1965இல் அங்கே சேர்ந்த குன்பே யோகோய் என்ற பொறியாளர், ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து 1980இல் கேம் & வாட்ச் என்ற சட்டைப்பை விளையாட்டுக் கருவியை உருவாக்கினார் என்பார்கள். கால்குலேட்டர் நிறுவனங்களின் போட்டியால் அப்போது எல்சிடி திரை மலிந்து கிடந்தது. பழகித் தேய்ந்து விலை இறங்கிய தொழில்நுட்பத்தை எடுத்துப் புதிய விதத்தில் பயன்படுத்த வேண்டும் என்பது யோகோயின் கொள்கை. 1989இல் வந்த கேம் பாய் அதே வழியில் பிறந்தது. அதன் திரையில் வண்ணமும் இல்லை, விளக்கும் இல்லை. எதிர்த்து வந்த சேகாவின் கேம் கியரில் இரண்டும் இருந்தன. ஆனால் அது ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். நான்கு பேட்டரியில் நெடுநேரம் ஓடிய கேம் பாயே வென்றது. கருவி எடுத்துப்போகத்தக்கதாக இருக்க வேண்டுமென்றால் எங்கோ ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தாக வேண்டும். அதைக் குறை என்பது சைக்கிளுக்கு எஞ்சின் இல்லை என்பதைப் போன்றது.

இந்த வாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 2017இல் டூம், 2019இல் தி விட்சர் 3 போன்ற கனத்த கேம்களைப் படத்தின் தெளிவைக் குறைத்தாவது இந்தச் சிப்பில் ஓட வைத்தார்கள். 2023 மே மாதம் வந்த செல்டா கேமான டியர்ஸ் ஆஃப் தி கிங்டம், ஆடுபவர் கண்ணில் பட்ட பொருள்களை ஒட்டி வண்டியும் படகும் விமானமும் செய்துகொள்ளவிட்டு, அவற்றையெல்லாம் இயற்பியல் விதிப்படி இயங்கவும் வைத்தது. எட்டு ஆண்டுப் பழைய சிப்பில் அது நடந்தது பெரும் சாதனை. அதற்கு ஆறு மாதம் முன்புதான் போகேமான் ஸ்கார்லெட், வயலெட் கேம்கள் வந்திருந்தன. அவற்றில் படம் திக்கித் திணறியது, தூரத்து உருவங்கள் விட்டுவிட்டு அசைந்தன, பாத்திரங்கள் தரைக்குள் புதைந்தன. மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்ற கேம் அது. வாங்கியவர்களிடம் நிறுவனம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. வேறு நிறுவனங்களின் சில கேம்கள் கருவியில் ஓடவே முடியாமல், தொலைவில் உள்ள சர்வரில் ஓடி இணையம் வழியே படம் மட்டும் அனுப்பும் கிளவுட் பதிப்பாக வந்தன. இணையம் தடுமாறினால் ஆட்டமும் தடுமாறும். 2022இல் ஸ்டீம் டெக் என்ற போட்டிக் கருவி வந்தபின், இதைவிட வலுவான கருவியையும் கையடக்கமாகச் செய்யலாம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆகவே 2017இல் இந்தப் புகார் வலுவற்றது. 2022க்குப் பின் அதுவே நியாயமானது. சிப்பின் மேல் அல்ல, வாரிசைக் கொண்டுவர எட்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டதன் மேல் அந்தக் குற்றம் சேரும்.

குழந்தைகளின் பொம்மை என்ற இரண்டாம் புகார் அதிக நேரம் நிற்காது. டூம், விட்சர், ஸ்கைரிம், பேயோனெட்டா ஆகிய எல்லாம் பெரியவர்களுக்கானவை; எல்லாம் ஸ்விட்ச்சில் உள்ளன. மாரியோவைக் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்குபவர்கள் அதில் ஒரு கடினமான கட்டத்தைக் கடந்து பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் தொண்ணூறுகளில் வளர்ந்தவர்கள் பலர் மாரியோவைச் சந்தித்தது டிவியில் இணைத்து, மஞ்சளும் சிவப்புமான கேசட் செருகி ஆடிய கருவிகளில்தான். அவற்றில் பெரும்பாலானவை நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலின் நகல்கள். அன்று ஆடிய பிள்ளைகள் இன்று நாற்பதை நெருங்கியும் அந்த மீசைக்காரனை மறக்கவில்லை.

ஆன்லைன் சேவை பற்றிய புகாரை மறுக்க முடியாது. 2018 செப்டம்பர் வரை இலவசமாக இருந்த இணைய ஆட்டம் அதன்பின் ஆண்டுக்கு 20 டாலர் ஆனது. அன்று பிளேஸ்டேஷனின் சோனி கேட்டது 60 டாலர் என்பதால் இது மலிவுதான். ஆனால் கொடுத்த காசுக்குக் கிடைத்ததும் மலிவாகவே இருந்தது. கூட ஆடுபவருடன் பேசுவதற்குத் தனியே கைப்பேசிச் செயலி வேண்டியிருந்தது. பல கேம்களில் இணைப்பு நிறுவனத்தின் சர்வர் வழியாகப் போகாமல் ஆடுபவர்களின் கருவிகளுக்கிடையே நேராகப் போனதால், ஒருவர் வீட்டு வைஃபை தடுமாறினால் எல்லார் ஆட்டமும் கெட்டது. முதல் டாக்கில் லேன் கேபிள் செருக இடமே இல்லை. 2021இல் வந்த ஓஎல்இடி மாடலில்தான் அது வந்தது. புளூடூத் ஹெட்ஃபோன் இணைக்கும் வசதியும் அதே ஆண்டுதான், வெறும் மென்பொருள் புதுப்பிப்பாக வந்தது. மென்பொருளால் முடிகிற ஒன்றுக்கு நான்கரை ஆண்டுகள் காக்கவைத்ததற்கு பேட்டரியோ எடையோ காரணமாக முடியாது.

விலைக்கு வருவோம். பிற நிறுவனங்களின் கேம்கள் வெளிவந்த ஓராண்டிலேயே பாதி விலைக்குக் கிடைக்கும். நிண்டெண்டோவின் சொந்தக் கேம்கள் அப்படி இறங்குவதில்லை. 2017 ஏப்ரலில் 60 டாலருக்கு வந்த மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் ஆறு கோடிக்கு மேல் விற்ற பிறகும் அதே 60 டாலர்தான். இதற்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. கேசட்டாக வாங்கிய கேமை ஆடி முடித்து விற்றால் நல்ல விலை திரும்பக் கிடைக்கும்; முதல் நாளில் வாங்கியவர் ஏமாந்ததாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் வீ என்ற பழைய கன்சோலின் காலத்தில் நன்றாக விற்று ஓய்ந்த கேம்களை நிண்டெண்டோ செலக்ட்ஸ் என்ற வரிசையில் குறைந்த விலைக்குக் கொடுத்த நிறுவனம்தான் இது. ஸ்விட்ச்சுக்கு அந்த வழக்கத்தையே கைவிட்டது. போதாக்குறைக்கு, அமெரிக்காவில் எட்டு ஆண்டுகள் 300 டாலராக இருந்த கருவியின் விலையை 2025 ஆகஸ்டில் 340 டாலராக ஏற்றியது. பழைய மின்னணுப் பொருளின் விலை ஏறுவது அரிது. மாதச் சம்பளத்தில் பிள்ளைக்கு ஒரு கேம் வாங்கித் தரும் குடும்பத்தின் பக்கமிருந்து பார்த்தால் இந்தப் புகார் நியாயமானதே.

எல்லாவற்றிலும் கனமான புகார் ஜாய்-கானின் ஸ்டிக் பற்றியது. விரல் படாமலே திரையில் பாத்திரம் ஒரு பக்கமாக நடந்துகொண்டிருக்கும். இதை டிரிஃப்ட் என்கிறார்கள். காரணம் எளிது. ஸ்டிக்கின் அடியில் பொட்டென்ஷியோமீட்டர் எனும் உறுப்பு இருக்கிறது. ஸ்டிக்கை அசைக்கும்போது ஒரு சின்ன உலோக நாக்கு கார்பன் பூச்சின் மேல் உரசி நகரும். அது நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்னழுத்தம் மாறும். அதைப் படித்துத்தான் ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கருவி அறியும். ஆயிரக்கணக்கான முறை உரசி அந்தப் பூச்சு தேய்ந்தாலோ, இடையே தூசி புகுந்தாலோ, ஸ்டிக் நடுவில் நிற்கும்போதும் சாய்ந்திருப்பதாகத் தவறான அளவு போகும். மற்ற கன்சோல்களின் கண்ட்ரோலர்களிலும் இதே தத்துவம்தான். ஆனால் மெல்லிய ஜாய்-கானுக்குள் அடங்குமாறு எல்லாவற்றையும் சுருக்கிச் செய்ததில், பழுது சீக்கிரமே வந்தது.

2019 ஜூலையில் அமெரிக்காவில் வழக்கு தொடரப்பட்டது. பயனர் ஒப்பந்தத்தில் உள்ள விதியைக் காட்டி அது நடுவர் தீர்ப்புக்குத் திருப்பப்பட்டது. 2020 ஜூனில் நிண்டெண்டோவின் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா ஜாய்-கான் தொல்லைக்காக வருத்தம் தெரிவித்தார். வழக்கு நடப்பதால் மேற்கொண்டு பேசவில்லை. 2021 ஜனவரியில் ஐரோப்பிய நுகர்வோர் அமைப்பான பியூக், ஏறத்தாழ 25,000 பேரின் புகார்களைத் திரட்டி ஐரோப்பிய ஆணையத்திடம் கொடுத்தது. கடைசியில் 2023இல் ஐரோப்பியப் பொருளாதார வட்டாரம், பிரிட்டன், சுவிட்சர்லாந்து ஆகிய இடங்களில் உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் டிரிஃப்ட்டை இலவசமாகச் சரிசெய்து தர நிறுவனம் ஒப்புக்கொண்டது.

நிறுவனத்தின் பொறியாளர்கள் 2021இல் தந்த விளக்கம் இது: ஓடும் காரின் டயர் தேய்வதைப் போல, உரசும் உறுப்பு தேய்வது தவிர்க்க முடியாதது. தேய்மானம் உண்மைதான். ஆனால் தேய்ந்த டயரை எந்தக் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். தேய்ந்த ஸ்டிக்கை மாற்ற வேண்டுமானால் சிறப்புத் திருகாணிகளைக் கழற்றி, மெல்லிய இணைப்புப் பட்டைகள் அறுந்துவிடாமல் ஜாய்-கானைப் பிரிக்க வேண்டும். இல்லையென்றால் 80 டாலருக்குப் புது ஜோடி. கண்ட்ரோலரைக் கழற்றவே முடியாத ஸ்விட்ச் லைட்டில், ஸ்டிக் கெட்டால் முழுக் கருவியையும் பழுதுக்கு அனுப்ப வேண்டியதுதான். இந்தியாவில் நிலைமை இன்னும் மோசம். நிண்டெண்டோ இங்கே ஸ்விட்ச்சை அதிகாரபூர்வமாக விற்கவில்லை. கடையில் கிடைப்பது இறக்குமதியாளர் கொண்டுவந்த பெட்டி. ஐரோப்பாவின் இலவசப் பழுதுபார்ப்பு சென்னைக்காரருக்கு உதவாது.

உரசாத ஸ்டிக் செய்யும் வழியும் புதிதல்ல. ஹால் விளைவு என்ற முறையில் ஒரு காந்தம் அசையும். அதன் புலம் மாறுவதை உணரி தொடாமலே அளக்கும். உரசல் இல்லாததால் கார்பன் பூச்சு தேய்வது என்ற பேச்சே இல்லை. சேகா 1998இல் தன் ட்ரீம்காஸ்ட் கன்சோலின் கண்ட்ரோலரிலேயே இதைப் பயன்படுத்தியது. ஸ்விட்ச்சுக்கு மாற்று ஸ்டிக் செய்து விற்கும் சிறு நிறுவனங்களும் பயன்படுத்துகின்றன. வலுக்குறைவுக்கு எடையும் பேட்டரியும் காரணம் என்று வாதாட முடிந்தது. டிரிஃப்ட்டுக்கு அப்படி ஒரு வாதமும் கைகொடுக்கவில்லை. வாங்கியவர் கையில் முதலில் படும் உறுப்பு இது. அதில் சிக்கனம் பார்த்தது பிழை.

2025 ஜூன் 5ஆம் தேதி ஸ்விட்ச் 2 வந்தது. அதற்கு 7.9 அங்குல 1080பி திரையும், 12 ஜிபி நினைவகமும், 256 ஜிபி சேமிப்பும் உண்டு. குழுவாகப் பேசும் வசதி கருவியிலேயே இருக்கிறது; டாக்கில் லேன் துளையும் உள்ளது. வலு, ஆன்லைன் ஆகிய இரண்டு புகார்களுக்கும் அது பதில் சொல்லிவிட்டது. விலை மட்டும் இன்னும் ஏறியது: கருவி 450 டாலர், கூடவே வந்த மாரியோ கார்ட் வேர்ல்ட் 80 டாலர். புதிய ஜாய்-கானின் ஸ்டிக்கை அடியிலிருந்து புதிதாக வடிவமைத்ததாக நிறுவனம் சொன்னது. பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது அதே பொட்டென்ஷியோமீட்டரைத்தான்.