அம்மாவோட பிஸ்கட் டின்னும் குடியியற் பாடமும்

இலங்கை மலையகத்துல, இறம்பொடையில இருந்து பேசுறேன். பின்னால கேக்குறது நீர்வீழ்ச்சிச் சத்தம்.

இன்னைக்கு விஷயம் குடியியற் கல்வி. "நீ இந்த நாட்டோட பிரஜை, உனக்கு இன்னின்ன உரிமை, இன்னின்ன கடமை"ன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுக்குற பாடம்.

அமெரிக்காவுல பிள்ளைகள் காலையில நெஞ்சுல கைய வச்சு, கொடிய பார்த்து உறுதிமொழி சொல்லுவாங்க. 1892ல பிரான்சிஸ் பெல்லமி எழுதினது. யெகோவாவின் சாட்சிகள் சபையச் சேர்ந்த பிள்ளைகள் சிலர், எங்க மதத்துக்கு ஒத்து வராது, சொல்ல மாட்டோம்னாங்க. மேற்கு வேர்ஜினியாவுல பள்ளிக்கூடத்தை விட்டே அனுப்பினாங்க. 1943ல, உலக யுத்தம் நடந்துக்கிட்டிருக்கப்பவே, யாரையும் கட்டாயப்படுத்திச் சொல்ல வைக்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் குடுத்துச்சு. எனக்கு அந்தத் தீர்ப்பு மேல பெரிய மதிப்பு உண்டு.

இங்க நம்ம தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் காலைக் கூட்டத்துல "ஸ்ரீ லங்கா தாயே"ன்னு தேசிய கீதம் பாடுறாங்க, தமிழ்ல. அந்தப் பிள்ளைகளோட பூட்டன் பூட்டிய, நீ என் பிள்ளை இல்லைன்னு அந்தத் தாய் 1948ல சொல்லிச்சு. இதையும் சேர்த்துத்தான் நாம பாடம் நடத்தணும்.

அந்த வருஷத்து 18ம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, பிரஜையாக இங்க பிறந்தா மட்டும் போதாது. அப்பாவும் இங்க பிறந்திருக்கணும், இல்லாட்டி தாத்தாவும் பூட்டனும் பிறந்திருக்கணும். அதை நிரூபிக்கக் கடுதாசி வேணும். லயத்துல பிறந்து கொழுந்துக்காட்டுல செத்துப்போனவங்கள்ல எத்தனை பேருக்குக் கடுதாசி இருந்திருக்கும்? 1947ல நுவரெலியாவுல வோட்டுப் போட்டு தொழிலாளர் தலைவர் தொண்டமானைப் பாராளுமன்றம் அனுப்பின சனம் அது. 1949ல வோட்டும் போச்சு.

1964 ஒக்டோபர் 30, இலங்கைப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் போட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். இந்திய வம்சாவளி எங்க சனத்துல 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பத்திப் பிறகு பேசிக்கலாம். தேயிலைப் பெட்டி பிரிக்கிற மாதிரி பிரிச்சாங்க. எங்க சனத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போன கோச்சிக்கு நம்ம ஆளுங்க வச்ச பேரு ஒப்பாரிக் கோச்சி.

எங்க அம்மா இங்கேயே பிறந்து இங்கேயே கொழுந்தெடுத்தவங்க. அவங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைச்சது 2003ம் வருஷத்துச் சட்டத்தாலதான். சமாதான நீதவான் கையெழுத்துப் போட்ட அந்தக் கடுதாசிய ஷொப்பிங் பேக்ல சுத்தி, பிஸ்கட் டின்ல போட்டு, காம்பராவுல சாமிப் படத்துக்குப் பின்னால வச்சிருக்காங்க. கீழ ஓரத்துல ஊதா மையில அவங்க பெருவிரல் ரேகை. வோட்டுப் போட அடையாள அட்டை போதும். இருந்தும் எலக்சன் அன்னைக்கு இதையும் மாராப்புல சொருகிக்கிட்டுத்தான் போவாங்க. மறுபடி யாராச்சும் "நீ யாரு"ன்னு கேட்டுட்டா?

போன மாசம் என் மகள், எட்டாம் வகுப்பு, குடியியல் புத்தகத்தை வச்சு "பிரஜையின் உரிமைகள்"னு சத்தமாப் படிச்சுக்கிட்டிருந்தா. நான் அந்த டின்னை எடுத்து அவ முன்னால வச்சேன். திகதியத் தடவிப் பார்த்தா. "அப்ப இதுக்கு முந்தி நீங்க எந்த நாடு, அப்பாயி?"ன்னு கேட்டா.

அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், தன் தங்கச்சி கோச்சி ஏறின அன்னைக்கு நடந்ததை ஆரம்பத்துல இருந்து சொல்லத் தொடங்கினாங்க. நானே முழுசாக் கேட்டது அன்னைக்குத்தான். மகள் புத்தகத்தை மூடி வச்சிட்டு, கொப்பியில எழுதிக்கிட்டிருந்தா.