பிள்ளைக்கு டிக்கெட், களிமண்ணில் கை அப்பாவுக்கு!
மியூசியத்தில் பெரியவர்கள் அடிக்கும் கூத்து

பண்ருட்டி:—

"பிள்ளைக்குக் காட்டணும்" என்று சொல்லித்தான் உள்ளே போகிறார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பிள்ளை ஓரமாக நிற்கிறது. அப்பாவோ வேட்டியை மடித்துக் கட்டி, குயவர் சக்கரத்தின் முன்னால் குந்திவிட்டார்!

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் இருக்கிறது தக்‌ஷிணசித்ரா. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திராவின் பழைய வீடுகளைக் கொண்டுவந்து மறுபடியும் எழுப்பி வைத்திருக்கும் அருங்காட்சியகம் இது. 1996-ம் ஆண்டு டிசம்பர் மாதம் திறக்கப்பட்டது. பண்ருட்டிக்காரர்கள் புதுச்சேரி போய், கிழக்கு கடற்கரை சாலையில் பஸ் பிடித்தால் வழியிலேயே வந்துவிடும்.

இங்கே பானை வனையலாம், ஓலையில் கைவேலை செய்யலாம். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து கற்றுக்கொள்கிறார்கள். கூட வருகிற பெரியவர்களுக்குத்தான் கை அரிக்கிறது.

"ஒரு தடவை பார்ப்போமே..."

ஆரம்பத்தில் எல்லோருக்கும் வெட்கம். "நமக்கெதுக்குங்க, பசங்களுக்குத்தானே" என்பார்கள். பிள்ளையின் கை நடுங்கினால் போதும், "இப்படி இல்லடா, தள்ளு" என்று கையை நுழைத்துவிடுவார்கள். அப்புறம் எழுப்புவது கஷ்டம்.

ஆனால் சக்கரம் யாருக்கும் மரியாதை கொடுப்பதில்லை. மண் உருண்டை நட்டநடுவில் உட்கார வேண்டும். கை ஈரமாக இருக்க வேண்டும். கட்டைவிரலை மெதுவாக இறக்கி, உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை என்று சுவரைத் தூக்க வேண்டும். ஆபீசில் பைலைத் தள்ளுகிற அவசரத்தில் அழுத்தினால், பானை ஒரு பக்கம் கோணி மடேரென்று சரியும். சட்டையெல்லாம் சேறு. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்குச் சிரிப்பு தாங்காது. அப்பா தோற்பதை அது எப்போது பார்த்திருக்கிறது?

பண்ருட்டிக்குப் புதுசா?

பலாப்பழத்துக்கும் முந்திரிக்கும் பேர் போன பண்ருட்டி, கொலு பொம்மைக்கும் பேர் போன ஊர். அச்சில் களிமண்ணை அழுத்தி, முன்பாதி பின்பாதியை ஒட்டி, காயவைத்து, சூளையில் சுட்டு, வர்ணம் பூசி முடிப்பதற்குள் முதுகு ஒடிந்துவிடும். நவராத்திரி பத்து நாள் வியாபாரத்துக்கு மாதக்கணக்கில் மண்ணோடு மல்லுக்கட்டுகிறார்கள். மழை பிடித்துக்கொண்டால் காயப்போட்ட பொம்மை காயாது; முதலும் திரும்பாது.

இவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகத் தொடுகிற மண்ணைத்தான் பட்டணத்துக்காரர் ஆசைக்காகத் தொடுகிறார்.

கொலுவையே எடுத்துக்கொள்ளுங்கள். பேர்தான் பொம்மை. படி கட்டுவது, அடுக்குவது, பூங்கா போடுவது எல்லாம் பெரியவர்கள். பிள்ளை கை வைத்தால் முதுகில் ஒன்று விழும்!

சங்கருக்கு வந்த ஆசை

டில்லியில் பிரபல கார்ட்டூனிஸ்ட் சங்கர் கதையும் இதே ரகம்தான். குழந்தைகள் போட்டியில் பரிசாகத் தருவதற்கு ஹங்கேரி தூதர் ஒரு பொம்மையைக் கொடுத்தார். பார்த்ததும் சங்கரின் மனசே அதில் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு வெளிநாடு போகும்போதெல்லாம் பொம்மையோடு திரும்பினார். 1965 நவம்பர் 30-ந்தேதி ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த சர்வதேச பொம்மைகள் அருங்காட்சியகம் அப்படி வளர்ந்ததுதான்.

தனி ஆளுக்கு அனுமதி இல்லை

அமெரிக்காவில் விஷயம் வேறு. உலகிலேயே முதல் குழந்தைகள் அருங்காட்சியகம் 1899-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் திறக்கப்பட்டது. இப்போது அங்கே ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் பலவற்றில், கூடவே குழந்தை இல்லாமல் வருகிற பெரியவரை உள்ளே விடமாட்டார்கள். காரணம், பிள்ளைகளின் பாதுகாப்பு. காலம் கெட்டுக் கிடக்கிறது; இதில் தப்பு சொல்ல முடியாது.

அதற்காகப் பெரியவர்களைக் கைவிடவும் இல்லை. அணுகுண்டு விஞ்ஞானி ஓப்பன்ஹைமரின் தம்பி பிராங்க் ஓப்பன்ஹைமர், 1969-ல் சான்பிரான்சிஸ்கோவில் 'எக்ஸ்ப்ளோரேட்டோரியம்' தொடங்கினார். "தொடாதே" என்ற போர்டுக்கு அங்கே வேலை இல்லை. எல்லாவற்றையும் தொட்டு, திருகி, ஆட்டிப் பார்க்கலாம். வியாழக்கிழமை இரவில் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் கதவு திறக்கிறார்கள். நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், பிள்ளைகள் மாதிரி பெரியவர்களும் 2014-ல் படுக்கையோடு வந்து நீலத்திமிங்கல உருவத்தின் கீழே இரவு தூங்கினார்கள்!

பாட்டியை உட்காரவையுங்கள்

எல்லாம் விளையாட்டுப் புத்தி என்று தள்ளிவிடவும் முடியாது. சின்ன வயதில் மாடு மேய்க்கப் போனவர், முந்திரி உடைக்க உட்கார்ந்தவர், தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டே வளர்ந்தவர் எத்தனை பேர்! வர்ணமும் களிமண்ணும் அவர்கள் கைக்கு அப்போது கிடைக்கவில்லை. பேரன் புண்ணியத்தில் இப்போது கிடைக்கிறது.

பல்லாங்குழியும் கோலமும் வந்துவிட்டால் பாட்டிதான் வாத்தியார். புள்ளி வைக்கிற வேகத்தில் பேத்தி திணறிப்போகும்.

ஆனால் ஒரு கண்டிப்பு வேண்டும். முதல் முறை பிள்ளைக்கு. அது எழுந்த பிறகுதான் அப்பா. சக்கரம் ஒன்று, கூட்டம் நூறு என்றிருக்கும்போது பெரியவர் அரைமணி நேரம் உட்கார்ந்தால், காசு கட்டிய பிள்ளை வாயைப் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

கடலூரிலும் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையில் பண்ருட்டி பொம்மைக்காரர் ஒருவரை அச்சோடும் மண்ணோடும் அங்கே உட்காரவைத்து, நாள் கூலி கொடுத்தால் என்ன? நவராத்திரி இல்லாத மாதத்திலும் அவர் வீட்டில் அடுப்பு எரியும். முட்டுக்காடு வரை பஸ் செலவும் மிச்சம்.

அதுவரை போக நினைப்பவர்கள் கவனிக்க: தக்‌ஷிணசித்ராவுக்கு செவ்வாய்க்கிழமை விடுமுறை. 1851-ல் தொடங்கிய சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. முட்டுக்காட்டுக்கு வெள்ளை வேட்டி வேண்டாம்.